ரோடிக் தவறவிட்ட அந்த வாலி

#1 நெட்கார்டு

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 2009 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியை மறுபடி பார்த்தேன். முழுசாக இல்லை. இரண்டாவது செட் டை-பிரேக் (செட்டை முடிவு செய்யும் கடைசி கேம்), அப்புறம் ஐந்தாவது செட்டின் பின்பாதி. காலையிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. வீட்டில் டென்னிஸ் என்றாலே எழுந்து போய்விடுவார்கள், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

மறந்தவர்களுக்காக: அமெரிக்காவின் ஆண்டி ரோடிக் முதல் செட்டை 7-5 என்று எடுத்துவிட்டார். இரண்டாவது செட் டை-பிரேக்கில் 6-2 முன்னிலை. கையில் நான்கு செட் பாயின்ட், அதில் ஒன்றை ஜெயித்தாலும் செட் அவருக்கு. மூன்று போய்விட்டது, சரி, எதிரில் நிற்பது ஃபெடரர். 6-5இல் ரோடிக் நெட்டுக்கு ஓடி வருகிறார். பந்து அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் உயரமாக, மெதுவாக வருகிறது. எதிர்ப்பக்கம் கோர்ட் பாதி காலி. சும்மா தட்டிவிட்டால் போதும். அந்த வாலியை (பந்து தரையில் படுமுன் அடிக்கும் அடி) கோட்டுக்கு வெளியே அடித்தார். ஃபெடரர் வரிசையாக ஆறு பாயின்ட் எடுத்து டை-பிரேக்கை 8-6 என்று முடித்தார். ஆட்டம் கடைசியில் 5-7, 7-6, 7-6, 3-6, 16-14.

என் கேள்வி இதுதான். ரோடிக் பேச்சை எடுத்தாலே 'ஃபெடரரிடம் தோற்றுக்கொண்டே இருந்தவர்' என்று ஒரே வரியில் கழித்துவிடுகிறோம். 32 பட்டம், 612 வெற்றி, 2002 முதல் 2010 வரை ஒவ்வொரு வருடக் கடைசியிலும் முதல் பத்துக்குள் இடம். இதெல்லாம் கணக்கில் சேராதா?

#2 களிமண்

சேரும். ஆனால் 3-21 என்பதும் கணக்கில் சேரும் அல்லவா? ஃபெடரருடன் 24 ஆட்டம், மூன்றே வெற்றி. கிராண்ட் ஸ்லாமில் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகள்) எட்டு முறை மோதி எட்டிலும் தோல்வி. அதில் நான்கு இறுதிப் போட்டி: விம்பிள்டன் 2004, 2005, 2009, யு.எஸ். ஓப்பன் 2006.

ஒருவரிடம் எட்டு முறை தோற்றால் அதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் இல்லை நண்பரே.

#3 சனிக்கிழமை ஆட்டக்காரன்

பெயர்தான் ஆண்டி. பரிசுப் பணம் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல். இப்படி ஓர் ஆண்டியாக இருக்க நான் இன்றைக்கே தயார்.

மன்னிக்கவும், தொடருங்கள்.

#4 பழைய ரேடியோ

நெட்கார்டு தம்பி, 2009இல் ஆரம்பித்தால் கதை பாதிதான் தெரியும். 2003இலிருந்து வரவேண்டும்.

அமெரிக்க டென்னிஸ் அன்றைக்கு எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். சாம்ப்ரஸ், அகஸி, கூரியர், சாங் என்று ஒரே தலைமுறையில் நான்கு பேர், நான்கு பேருமே கிராண்ட் ஸ்லாம் வென்றவர்கள். அந்த வீட்டில் விளக்கு அணைந்துகொண்டிருந்த நேரம். கூரியர் எப்போதோ போய்விட்டார். சாங் அந்த யு.எஸ். ஓப்பனோடு விடைபெற்றார். 14 ஸ்லாம் வென்ற சாம்ப்ரஸுக்கு அதே போட்டியின் முதல் நாள் இரவு வழியனுப்பு விழா. இரண்டு வாரம் கழித்து அதே மைதானத்தில் 21 வயதுப் பையன் கோப்பையைத் தூக்குகிறான். 'அடுத்த ஆள் வந்துவிட்டான்' என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதாமல் வேறு என்ன எழுதும்?

அந்தக் கோடையில் அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாரிஸில், அதாவது பிரெஞ்சு ஓப்பனில், முதல் சுற்றிலேயே தோற்று, பழைய கோச்சை மாற்றி, பிராட் கில்பர்ட்டிடம் வந்தார். வந்ததும் லண்டன் குவீன்ஸ் கிளப்பில் பட்டம். விம்பிள்டன் அரையிறுதியில் ஃபெடரரிடம் தோல்வி. அப்புறம் இந்தியானாபொலிஸ், மான்ட்ரியல், சின்சினாட்டி என்று வரிசையாகப் பட்டங்கள். மான்ட்ரியல் அரையிறுதியில் ஃபெடரரையும் வென்றார், அதைக் களிமண் சொல்லும் மூன்றில் முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். சின்சினாட்டி இறுதியில் எதிரே நின்றது மார்டி ஃபிஷ். பள்ளிக்கூட நாட்களில் ரோடிக் வீட்டிலேயே தங்கிப் படித்து ஆடிய பையன் அவர். 4-6, 7-6, 7-6. ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு பேர் இரண்டு டை-பிரேக்கில் முட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் நியூயார்க். இறுதியில் ஃபெரேரோவை 6-3, 7-6, 6-3 என்று மூன்றே செட்டில் முடித்தார். இதில் ஒரு வேடிக்கை. தோற்ற ஃபெரேரோதான் மறுநாள் தரவரிசையில் முதலிடத்தில் உட்கார்ந்தார், முந்தைய நாள் அகஸியை வென்றிருந்த புள்ளிகளால். ஜெயித்த ரோடிக் அந்த இடத்துக்கு வர நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஃபெரேரோதான் பின்னாளில் பல வருடம் அல்கராஸுக்குக் கோச்சாக இருந்தவர்.

#5 களிமண்

ஐயா சொன்னதில் ஓர் இடத்தைத் தாண்டிவிட்டார். 2003 யு.எஸ். ஓப்பன் அரையிறுதி. எதிரே நல்பாண்டியன். முதல் இரண்டு செட்டும் நல்பாண்டியனுக்கு. மூன்றாவது செட் டை-பிரேக்கில் 6-5, நல்பாண்டியன் கையில் மேட்ச் பாயின்ட். ரோடிக் பெரிய சர்வ் ஒன்றை இறக்கித் தப்பித்தார். அந்த டை-பிரேக்கை 9-7 என்று எடுத்து, அடுத்த இரண்டு செட்டை 6-1, 6-3.

2009இல் ஒரு வாலி உள்ளே விழுந்திருந்தால் இரண்டு ஸ்லாம் என்கிறீர்கள். 2003இல் அந்த ஒரு சர்வ் திரும்பி வந்திருந்தால் பூஜ்ஜியம். தராசில் ஒரு தட்டை மட்டும் கையால் அழுத்திப் பிடித்தால் எப்படி?

#6 நெட்கார்டு

இது நல்ல அடி. இதை நான் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் நேரம் கொடுங்கள், வருகிறேன்.

#7 இரண்டாவது சர்வ்

நான் வேலை முடிந்து வாரத்தில் நாலு நாள் சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறவன். எனக்கு இந்த விவாதத்தைவிட அவருடைய சர்வ்தான் முக்கியம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்காததால் நானே எழுதுகிறேன்.

சாதாரணமாக சர்வ் போடும்போது என்ன சொல்லித் தருவோம்? பந்தைத் தூக்கும் கையும் மட்டை பிடித்த கையும் ஒன்றாகக் கீழே இறங்கி ஒன்றாக மேலே ஏறட்டும் என்போம். மட்டை முழங்கால் பக்கம் வரை இறங்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய வட்டம் போட்டு வரும். ரோடிக் அந்த வட்டத்தை வெட்டி எறிந்துவிட்டார். மட்டை இடுப்புக்கு முன்னாலிருந்து நேராகத் தோளுக்கு ஏறிவிடும். இரண்டு பாதங்களும் ஏறக்குறைய ஒட்டி இருக்கும். முழங்கால் நன்றாக மடங்கும். அவ்வளவுதான், அடுத்த நொடி ஸ்பிரிங் அறுந்த மாதிரி உடம்பு மேலே போகும். பந்தைத் தூக்கிப் போடுவதற்கும் அடிப்பதற்கும் நடுவே எதிராளி யோசிக்க நேரமே கிடையாது. சர்வின் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கணக்கில் எதிராளியைக் கொன்றது அந்த அவசரம்.

வேகம் என்றால் அதுவும் சும்மா இல்லை. 2004 செப்டம்பரில் சார்ல்ஸ்டனில் பெலாரஸுக்கு எதிரான டேவிஸ் கோப்பை (நாடுகளுக்கு இடையிலான போட்டி) ஆட்டத்தில் மணிக்கு 249.4 கி.மீ. அன்றைக்கு அது உலக சாதனை. 2011இல் குரோஷியாக்காரர் கார்லோவிச் 251 போட்டு முறியடிக்கும் வரை அது நின்றது. கார்லோவிச் கிட்டத்தட்ட ஏழு அடி உயரம். பந்து மாடியிலிருந்து இறங்குகிற மாதிரி வரும். ரோடிக் ஆறு அடி இரண்டு அங்குலம்தான்.

ஒரு சொந்த எச்சரிக்கை: பதினைந்து வருடத்துக்கு முன் இந்த சர்வை அப்படியே காப்பி அடிக்கப் பார்த்தேன். முதல் வாரம் ஜாலியாக இருந்தது. மூன்றாவது வாரம் சட்டை மாட்ட வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆறு மாதம் பிசியோதெரபி. என் பிள்ளைகளில் எவனாவது அந்த மாதிரி மட்டையைத் தூக்கினால் இப்போதும் என் தோள்தான் வலிக்கிறது.

#8 சனிக்கிழமை ஆட்டக்காரன்

//சட்டை மாட்ட வலது கையைத் தூக்க முடியவில்லை//

அண்ணே, நீங்களுமா! நான் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#9 பேஸ்லைன்

சர்வ் இருந்தது, சரி. அதற்கு அப்புறம் என்ன இருந்தது? ஃபோர்ஹேண்ட் ஆரம்பத்தில் பயங்கரம், பின்னால் ஏனோ பாதுகாப்பாக ஆட ஆரம்பித்துவிட்டார். பேக்ஹேண்ட் சுமார். ரிட்டர்ன் சுமாருக்கும் கீழே. நெட்டில் நின்றால் கை கட்டையாகிவிடும். 2009இல் அந்த வாலி வெளியே போனது விபத்து இல்லை, அவருடைய ஆட்டத்திலேயே பலவீனமான இடம் அது. சரியாக அங்கே வந்து பந்து விழுந்தது, அவ்வளவுதான்.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. விம்பிள்டன் 2001இல் புல் கலவையை மாற்றி முழுக்க ரை புல் ஆக்கியது. பந்து முன்பைவிட நன்றாக எழும்பியது. பாலியெஸ்டர் நரம்பு எல்லார் மட்டையிலும் ஏறியது. 1990களில் திரும்பாத சர்வெல்லாம் 2005இல் காலடிக்குத் திரும்பி வந்தன. பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் ரோடிக் வேறு ஆள்.

#10 களிமண்

பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் சாம்ப்ரஸிடம் தோற்றிருப்பார். :)

ஃபெடரர் ஃபெடரர் என்கிறீர்கள், வேறு யாரிடம் தோற்றார் என்பதையும் பாருங்கள். 2004 யு.எஸ். ஓப்பன், நடப்புச் சாம்பியன், காலிறுதியில் ஜோவாகிம் ஜோஹான்சனிடம் ஐந்து செட்டில். 2005 யு.எஸ். ஓப்பன், முதல் சுற்று, சரியாக அவர் பிறந்தநாள் அன்று, கில்ஸ் முல்லரிடம் மூன்று டை-பிரேக்கில். அந்தச் சமயம் ஒரு கிரெடிட் கார்டு நிறுவனம் 'ஆண்டியின் மோஜோ (மந்திர சக்தி) தொலைந்துவிட்டது' என்று ஊர் முழுக்க விளம்பரம் செய்துகொண்டிருந்தது. தொலைந்தது திரும்பி வருவதற்குள் ஆளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். 2007 விம்பிள்டன் காலிறுதி, முதல் இரண்டு செட்டையும் ஜெயித்துவிட்டு காஸ்கேவிடம் ஐந்தாவது செட்டில் 8-6. 2008 விம்பிள்டன் இரண்டாம் சுற்று, டிப்சரேவிச். 2010 விம்பிள்டன் நான்காம் சுற்று, தைவானின் லூ யென்-சுன், ஐந்தாவது செட்டில் 9-7.

இவர்கள் யாரும் ஃபெடரர் இல்லையே?

#11 பழைய ரேடியோ

பட்டியல் சரிதான் களிமண். மறுக்கவில்லை. ஆனால் பட்டியலைப் போடும்போது இரண்டு பக்கமும் போட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஜோகோவிச்சுடன் ரோடிக்கின் கணக்கு 5-4. ஆமாம், ரோடிக்தான் மேலே. 2008இல் துபாயில் நடாலையும் ஜோகோவிச்சையும் அடுத்தடுத்து வென்று பட்டம் எடுத்தார்.

அந்தத் துபாய் பட்டத்தைக் காக்க 2009இல் அவர் போகவில்லை. அந்த வருடம் இஸ்ரேல் வீராங்கனை ஷஹார் பீருக்கு விசா மறுத்துவிட்டார்கள். அது பிடிக்கவில்லை என்று சொல்லி விலகிக்கொண்டார். நடப்புச் சாம்பியன் போகாமல் இருந்தால் புள்ளியும் போகும், பணமும் போகும். தெரிந்துதான் செய்தார்.

#12 நெட்கார்டு

இப்போது வருகிறேன். நேற்று மிச்ச ஆட்டத்தையும் பார்த்து முடித்தேன். (அலுவலகத்தில் இன்று என்னை யாரும் எதுவும் கேட்காதீர்கள்.)

பேஸ்லைன் சொல்வது 2005 ரோடிக்கைப் பற்றி. 2009இல் ஆடியவர் அந்த ஆள் இல்லை. 2008 கடைசியில் லாரி ஸ்டெஃபாங்கியைக் கோச்சாக வைத்துக்கொண்டார். 26 வயது, உலகச் சாம்பியன் ஆகி ஐந்து வருடம் கழிந்துவிட்டது, ஊரே 'இவன் கதை முடிந்தது' என்கிறது. அந்த நிலையில் உட்கார்ந்து உடம்பு எடையைக் குறைத்து, கால் வேகத்தைக் கூட்டி, பேக்ஹேண்டைக் கோட்டோரமாக அடிக்கக் கற்றுக்கொண்டு வருகிறார். அந்த வருடம் பாரிஸில்கூட நான்காம் சுற்று வரை போனார். அங்கே அவர் அதற்கு மேல் எப்போதும் போனதில்லை. விம்பிள்டன் காலிறுதியில் ஹெவிட்டை ஐந்து செட்டில், அரையிறுதியில் மர்ரேயை நான்கு செட்டில். சென்டர் கோர்ட் முழுக்க மர்ரே பக்கம்.

இறுதிப் போட்டியில் நான் நிறுத்தி நிறுத்தி எண்ணியது ஒன்றே ஒன்று: ரோடிக்கின் சர்வ் எத்தனை முறை உடைந்தது, அதாவது அவர் சர்வ் போட்ட கேமை ஃபெடரர் எத்தனை முறை பறித்தார்? முதல் செட்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை. நான்காவதில் இல்லை. ஐந்தாவது செட்டில் ஃபெடரர் முதலில் சர்வ் போட்டதால் ரோடிக் ஒவ்வொரு முறையும் 'இதை விட்டால் ஆட்டம் போச்சு' என்ற நிலையில்தான் சர்வ் போட வந்தார். 4-5, 5-6, 6-7 என்று அப்படியே 13-14 வரை. ஒவ்வொரு தடவையும் காப்பாற்றினார். 37 சர்வ் கேம் வரிசையாக வென்று, 38ஆவதை 14-15இல் இழந்தார். அன்றைக்கு முழுவதும் ஃபெடரர் உடைத்தது அந்த ஒரு கேம். 50 ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) போட்டும் ஒரே ஒரு முறைதான் உடைக்க முடிந்தது. ரோடிக் அவரை இரண்டு முறை உடைத்திருக்கிறார்!

8-8இல் ஃபெடரர் சர்வில் ரோடிக்குக்கு 15-40 வேறு கிடைத்தது. அதில் ஒன்று விழுந்திருந்தால் அடுத்து சாம்பியன்ஷிப்புக்கே சர்வ் போட்டிருப்பார். வாலியை எல்லோரும் பேசுகிறார்கள், இந்த 15-40ஐ யாரும் பேசுவதில்லை.

#13 விடுதி அறை 14

இந்த இழையை ஒரு வாரமாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2009இல் கல்லூரி விடுதியில் இருந்தேன். டிவி அறையில் ஒரே பெட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஆட்டம் ஆரம்பம். நாங்கள் ஏழெட்டுப் பேர், அத்தனை பேரும் ஃபெடரர் கட்சி. 15ஆவது ஸ்லாம், சாம்ப்ரஸின் சாதனையைத் தாண்டப் போகிறார், சாம்ப்ரஸே வந்து ராயல் பாக்ஸில் உட்கார்ந்திருக்கிறார். ரோடிக்கைப் பற்றி யாருக்கும் ஒரு நினைப்பும் இல்லை, ஊறுகாய் மாதிரி.

மெஸ் ஒன்பது மணிக்கு மூடிவிடும். ஐந்தாவது செட் ஆறுக்கு ஆறு வந்தபோது மெஸ் அண்ணன் வந்து, "தம்பிகளா, சாப்பாட்டை எடுத்து வைக்கவா, கழுவி ஊத்தவா?" என்று கேட்டார். இதோ முடிந்துவிடும் அண்ணா என்றோம். பத்துக்குப் பத்தில் அவரே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு டென்னிஸ் விதி எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த வெள்ளைத் தொப்பி போட்ட பையன் பாவம்டா, ஒவ்வொரு தடவையும் அவன்தான் கடன் அடைக்கிற மாதிரி ஆடுறான்" என்றார். எங்களில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. நெட்கார்டு மேலே விளக்கியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

முடிந்தபோது மணி பத்தே முக்கால் தாண்டிவிட்டது. ஜெயித்தது எங்கள் ஆள். கைதட்டினோம், ஆனால் சத்தம் வரவில்லை. பரிசளிப்பில் ரோடிக் மைக்கைப் பிடித்து, கூட்டத்தில் இருந்த சாம்ப்ரஸைப் பார்த்து, மன்னிச்சுக்கோ பீட், தடுத்து நிறுத்தத்தான் பார்த்தேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தூசி" என்றான். ஆறிப்போன சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனோம். மெஸ் அண்ணன் எடுத்துத்தான் வைத்திருந்தார்.

#14 மட்டுறுத்துநர்

'யார் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்' என்று சண்டை போட்ட 11 பதிவுகள் வேறு இழைக்கு நகர்த்தப்பட்டுள்ளன. இது ரோடிக் இழை. நன்றி.

#15 பேஸ்லைன்

நெட்கார்டு, 37 கேம் கணக்கு தெரியாமல் பேசிவிட்டேன். 2009 ரோடிக் வேறு ஆள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி மாறிக்கொள்ள முடிந்தவர் ஏன் 26 வயது வரை காத்திருந்தார்? கோச் வரிசையைப் பாருங்கள்: தாரிக் பென்ஹபிலெஸ், கில்பர்ட், டீன் கோல்ட்ஃபைன், ஜிம்மி கானர்ஸ், அண்ணன் ஜான், ஸ்டெஃபாங்கி. பதினொன்று பன்னிரண்டு வருடத்தில் ஆறு பேர். அதிலும் 2004 கடைசியில் கில்பர்ட்டை அனுப்பியது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஸ்லாமும் முதலிடமும் வாங்கிக் கொடுத்த ஆள்.

#16 இரண்டாவது சர்வ்

கோச்சை மாற்றுவதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள் தம்பி. என்னிடம் வரும் பெற்றோர் ஆறு மாதத்தில் ஆறு பேரை மாற்றுகிறார்கள், அது வேறு கதை. ரோடிக் கானர்ஸிடம் போனது 2006 நடுவில். அந்தக் கோடையிலேயே சின்சினாட்டி பட்டம், யு.எஸ். ஓப்பன் இறுதி. ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் அடுத்தவரிடம் போனார். தன் ஆட்டத்தில் ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அடைபடாத ஓட்டைகளும் உண்டு.

#17 களிமண்

என் பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு களிமண் தரைக் கதை. இத்தனை நேரம் திட்டினேன் என்பதற்காக இல்லை, நானே சொல்ல வேண்டியது.

2005 ரோம். எதிரே வெர்டாஸ்கோ. ரோடிக் முதல் செட்டை எடுத்து, இரண்டாவதில் 5-3. வெர்டாஸ்கோ சர்வில் 0-40, அதாவது மூன்று மேட்ச் பாயின்ட். வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் வெளியே என்று கோட்டு நடுவர் கத்திவிட்டார். டபுள் ஃபால்ட், ஆட்டம் முடிந்தது. கூட்டம் எழ ஆரம்பித்தது. ரோடிக் மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தார். பந்து கோட்டில் பட்டிருக்கிறது என்று அவரே நடுவரிடம் சொன்னார். பாயின்ட் வெர்டாஸ்கோவுக்குப் போனது. அப்புறம் அந்த கேம் போனது, செட் போனது, ஆட்டமே போனது. 6-7, 7-6, 6-4.

களிமண் தரையில் அவருக்கு ஏற்கெனவே வரவு குறைவு. கையில் வந்ததை இப்படி எடுத்துக் கொடுத்தார். இதைப் படித்ததிலிருந்து அவரை என்னால் முழுமனதாகத் திட்ட முடிவதில்லை. 3-21 மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

#18 சனிக்கிழமை ஆட்டக்காரன்

எங்கள் கிளப்பில் கோட்டுக்கு ஒரு அடி உள்ளே விழுந்த பந்தை 'அவுட்' என்று சொல்லும் ஒருவர் இருக்கிறார். இந்தப் பதிவை அச்செடுத்து அவர் பைக் சீட்டில் வைக்கப் போகிறேன்.

#19 விடுதி அறை 14

டேவிஸ் கோப்பையையும் யாராவது சொல்லுங்கள். 2007இல் போர்ட்லண்டில் ரஷ்யாவை 4-1 என்று வென்று 12 வருடம் கழித்து அமெரிக்கா கோப்பையை எடுத்தது. முதல் ஆட்டத்தில் டுர்சுனோவை ரோடிக்தான் அடித்தார். பிளேக், பிரையன் சகோதரர்கள், ரோடிக் என்று ஒரே கூட்டாளிகள் வருடக்கணக்காக ஆடிய அணி அது. டேவிஸ் கோப்பை ஒற்றையரில் அவருடைய கணக்கு 33-12. நாட்டுக்கு ஆடக் கூப்பிட்டால் சாக்குச் சொல்லாமல் வந்த ஆள்.

#20 பழைய ரேடியோ

விடைபெற்றதையும் சொல்லி என் பங்கை முடித்துக்கொள்கிறேன். 2012 யு.எஸ். ஓப்பன் நடுவில், தன் 30ஆவது பிறந்தநாள் அன்று, பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு 'இதுதான் என் கடைசிப் போட்டி' என்றார். அதற்கு அப்புறம் டோமிச்சையும் ஃபோக்னினியையும் வென்றார். நான்காம் சுற்றில் டெல் போட்ரோ. மழையால் ஆட்டம் இரண்டு நாள் இழுத்தது. முதல் செட் டை-பிரேக்கில் ரோடிக்குக்கு, அடுத்த மூன்றும் டெல் போட்ரோவுக்கு. கடைசி கேமில் அவருக்குப் பந்து சரியாகத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம், கண் அப்படி நிறைந்திருந்தது. 2017இல் நியூபோர்ட்டில் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், கிம் க்ளைஸ்டர்ஸோடு.

அவருக்கு அப்புறம் ஒரு அமெரிக்க ஆண் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு வர 2024 ஆனது. டெய்லர் ஃபிரிட்ஸ், யு.எஸ். ஓப்பன், சின்னரிடம் மூன்று செட்டில் தோல்வி. 2009 விம்பிள்டனுக்கும் அதற்கும் நடுவே பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்தில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2003 காட்சியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'ஒரே ஒரு ஸ்லாம்' என்று கேலி பேசினவர்கள் அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

#21 புதுசு

வணக்கம், நான் இங்கே புதுசு. ரோடிக்கை எனக்கு அவருடைய பாட்காஸ்ட் வழியாகத்தான் தெரியும். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று இந்த இழையைப் பார்த்துத்தான் புரிகிறது. ஒரு ஆட்டம் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கலாம்? 2009 இறுதி தவிர. அதைத்தான் நீங்கள் முழுசாகச் சொல்லிவிட்டீர்களே.

#22 இரண்டாவது சர்வ்

2003 ஆஸ்திரேலிய ஓப்பன் காலிறுதி, மொராக்கோவின் யூனெஸ் எல் ஐனாவுய்க்கு எதிராக. 4-6, 7-6, 4-6, 6-4, 21-19. தப்பாக அச்சாகவில்லை, ஐந்தாவது செட் இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது. மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. ஐந்தாவது செட் மட்டும் இரண்டே கால் மணிக்கு மேல். நடுவில் ஓர் இடத்தில் இருவரும் மட்டையைப் பந்து பொறுக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து ஆடச் சொல்வார்கள். அதைக் கவனித்துப் பாருங்கள். ரோடிக்குக்கு அப்போது 20 வயது. அடுத்த சுற்றில் ஷூட்லரிடம் தோற்றார், காலில் உயிர் இருந்தால்தானே.

#23 புதுசு

நன்றி அண்ணா. ஐந்து மணி நேரமா! சனிக்கிழமை பார்க்கிறேன்.

#24 பேஸ்லைன்

நெட்கார்டு, ஒரே ஒரு சந்தேகம். அந்த 6-5 பந்தை ரோடிக் தொடாமல் விட்டிருந்தால் வெளியே போயிருக்குமா?

#25 நெட்கார்டு

மெதுவான ஓட்டத்தில் ஆறு முறை பார்த்தேன். கேமரா இருக்கும் கோணத்தில் பந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று சரியாகப் பிடிபடவில்லை. ஒரு முறை வெளியே போகிற மாதிரி இருக்கிறது, அடுத்த முறை உள்ளே. ரோடிக்கின் மட்டையை மட்டும் பாருங்கள். தூக்கி, அரை நொடி தயங்கி, அப்புறம் அடிக்கிறார். விடலாமா என்று அவரும் யோசித்த மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. நிறுத்திப் பார்க்க வசதியாக நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள்.